நிதிக் கம்பனிக் கதவும் விசுவமடு அக்காவும்

தலைவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று வயிற்றை உள்ளே இழுத்தார்.

எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்பின் தலைவர். அவர் சிரித்து ஸ்கந்தபுரத்தில் ஒருவரும் கண்டதில்லை. வாய்க்கால் தண்ணீருக்கு முறை பிரிக்கும்போது அவர் ஒரு பார்வை பார்த்தால், சண்டைக்கு வந்தவன் மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைப்பான். அப்பேர்ப்பட்ட மனிசன் எங்கள் புதுக் கதவுக்கு முன்னால் வயிற்றை இழுத்துப் பிடித்தபடி பக்கவாட்டில் திரும்பினார். திருப்தி வரவில்லை. மற்றப் பக்கம் திரும்பினார். சின்னி விரலால் மீசையின் நுனியைத் தூக்கிவிட்டார். கடைசியாகப் பல்லைக் காட்டி, இடுக்கில் இருந்த எதையோ நகத்தால் கிண்டி எடுத்து, அதை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுண்டினார்.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கை நீட்டினால் அவர் மீசையைத் தொடலாம்.

அவர் கண்ணுக்கு நான் தெரியவில்லை. பகலில் அந்தக் கண்ணாடி அப்படி. வெளியில் நிற்பவருக்கு அவருடைய முகம்தான் தெரியும். உள்ளே இருப்பவருக்கு அவர் செய்கிற அவ்வளவும் தெரியும். கதவைச் சுற்றிவர ரப்பர் வேறு. உரக்கக் கத்தினால் ஒழிய ஒரு பக்கத்துக் கதை மறுபக்கம் வராது. தலைவரின் வாய் அசைந்தது. "மாஸ்டர்" என்று கூப்பிடுகிறார் என்று ஊகித்து எழும்பிப் போய்த் திறந்தேன்.

கூட்டத்து முகம் ஒரு நொடியில் திரும்பி வந்துவிட்டது.

"நாளைக்கு வாய்க்கால் துப்பரவு. மண்வெட்டியோடை வரவேணும்."

"ஓம், வாறன்" என்றேன். அன்றிலிருந்து எனக்கு அவரில் பயமில்லை. பாசம்தான்.

கறையான் மிச்சம் விட்டது

போன கிழமை கிணற்றுக் கதையை வாசித்த கூட்டாளி ஒருவன், "உன்ரை கிணறு, மோட்டர், கோழி எல்லாம் எழுதிப்போட்டாய், இனிக் கதவுதான் மிச்சம்" என்று நக்கலடித்தான். நக்கலை நான் யோசனையாக எடுத்துக்கொள்வது வழக்கம். இல்லாவிட்டால் வாரப் பத்திரிகைக்குக் கிழமைக்கு ஒன்று எழுத முடியாது.

எங்களுடையது வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. முன்கதவு என்ன மரம் என்று அந்த நாளில் அதைச் செய்த ஓடாவியாரைக் கேட்டேன். "நல்ல மரம்" என்றார். கறையானும் அதே கருத்தில் இருந்தது.

ஒரு காலை என் மனைவி புவனா விறாந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தவள், தும்புத்தடி நிலையில் தட்டுப்பட்டதும் நின்றுவிட்டாள். தட்டுப்படவில்லை, தடி நிலைக்கு உள்ளே போயிருந்தது. கறையான் மரத்தை முழுக்கத் தின்றுவிட்டு, நாங்கள் அடித்த நீலப் பெயின்றை மட்டும் மரியாதையாக விட்டு வைத்திருந்தது. எத்தனையோ மாதமாக எங்களைக் களவு பயம் இல்லாமல் காத்தது ஒரு நிறம்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"முதிரையிலை ஒண்டு செய்விப்பம்" என்றாள் புவனா.

"முதிரைக்கு இப்ப எங்கை போறது? அலுமினியம் போடுவம். கறையானுக்கு அலுமினியம் பிடிக்காது."

"கறையானுக்குப் பிடிக்காட்டில் காணுமோ? வீட்டு ஆக்களுக்குப் பிடிக்க வேண்டாமோ?"

இந்தக் கேள்வி முடியும் முன்பே நான் கிளிநொச்சி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நானாவின் வகுப்பு

ஏ9 வீதியில் அலுமினியக் கடை வைத்திருக்கிற நானா முல்லைத்தீவு ஆள். இடம்பெயர்ந்து புத்தளம் பக்கம் கனகாலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். வாய்க்குப் பஞ்சம் இல்லை. நான் படிப்பிக்கிறவன் என்று தெரிந்ததும் எனக்கே வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார்.

"மாஸ்டர், அலுமினியம் எண்டால் எல்லாம் ஒண்டு எண்டு நினைக்கப்படாது. சட்டத்தை விரலாலை சுண்டிப் பாருங்கோ. தகரப் பேணி மாதிரிச் சத்தம் வந்தால் அந்தக் கடையிலை தேத்தண்ணியும் குடியாதேங்கோ, எழும்பிப் போயிடுங்கோ."

சுண்டினேன். விரல் நொந்தது. நல்ல சட்டம்.

"இனி, வீட்டுக்கு ஒரு விதம், கடை கந்தோருக்கு ஒரு விதம். வீடெண்டால் பிணைச்சல் போட்ட கதவு. கீழ்ப்பாதி தகடு, மேல்பாதி கண்ணாடி. பிள்ளையள் பந்தடிச்சாலும் பயமில்லை, திறந்துவிட்டால் திறந்தபடி நிக்கும். தண்டவாளத்திலை இழுக்கிற கதவு கேக்காதேங்கோ. உங்கடை பக்கத்துப் புழுதி அதுக்குள்ளை போய் ஒரு மழைக்குச் சீமெந்து மாதிரி இறுகிடும். கந்தோர்க் கதவு வேறை. முழுக் கண்ணாடி. நிலத்துக்குள்ளை ஸ்பிரிங். ரெண்டு பக்கமும் தள்ளலாம். கையை எடுத்தால் தானாய்ச் சாத்தும். குளிர்மெசின் காத்து வெளியிலை போகாது."

"எங்கடை வீட்டிலை குளிர்மெசின் இல்லை."

"அப்ப அது உங்களுக்குத் தேவையில்லை, முடிஞ்சுது கதை."

கதை முடியவில்லை. அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு கதவு சாத்தியிருந்தது. செம்பு நிறச் சட்டம், ஆள் உயரக் கைபிடி, அதில் என் முழு உருவமும் தெரிந்தது. கொஞ்சம் மெலிந்தும் தெரிந்தது.

"அது ஆருக்கு?"

"அது ஒரு நிதிக் கம்பனி கிளை திறக்கப்போறம் எண்டு செய்வித்தது. பிறகு திறக்கேல்லை." நானா என் வாசலின் அளவைக் கேட்டார். சொன்னேன். அவர் முகத்தில் வெளிச்சம் பரவியது. "மாஸ்டர்! உங்களுக்கெண்டே அளவெடுத்த மாதிரியெல்லோ இருக்கு!"

"இப்பதானே வீட்டுக்குச் சரிவராது எண்டனீங்கள்?"

"அது சாதாரண வீட்டுக்கு."

அலுமினியக் கதவு எடுக்கப் போகும் வாசகர்கள் நானா முதலில் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகவும். நான் இரண்டாவதையும் கேட்டேன். எனக்கு ஒரு காரணம் இருந்தது. என் வயதுக்கு அப்படிப்பட்ட கந்தோர்க் கதவுகளுக்கு வெளியே விண்ணப்பக் கடிதங்களோடு நின்றே பழக்கம். உள்ளே இருக்கிறவர் என்னைப் பார்க்கிறாரா இல்லையா என்று தெரியாமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருமுறையாவது அந்தக் கதவுக்கு உள்பக்கத்தில் இருக்கவேண்டும் என்று ஆசை.

இருமிக்கொண்டு வந்த காலம்

கதவே இல்லாத வருடங்களும் எங்களுக்கு இருந்தன. இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில் தறப்பாள் கொட்டில்தான் வீடு. அதற்குக் கதவு ஒரு பழைய சேலை. சேலையில் தட்ட முடியாது. அதனால் வாறவர்கள் தூரத்திலேயே இருமிக்கொண்டு வருவார்கள். அந்த நாட்களில் வன்னியில் பாதிப்பேருக்கு இருமல் வந்தது மரியாதையால்.

ஒருவர் மட்டும் தன் வீட்டு முதிரைக் கதவைக் கழற்றி, உழவு மெசினில் ஏற்றி, போகிற இடமெல்லாம் கொண்டுபோனார். பூட்டுவதற்கு வீடு இல்லை. கதவைக் கல்லுக்கு மேல் வைத்து அதில் படுத்தார். அந்தக் கதவைத் திறக்கிற திறப்பு மட்டும் எப்போதும் இடுப்பில் தொங்கும். கட்டிலுக்குத் திறப்பு வைத்திருந்த மனிசனை நான் வேறெங்கும் காணவில்லை.

பிறகு வீடு வந்தது, கதவும் வந்தது. ஆனால் சாத்தும் பழக்கம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் முன்கதவு விடிந்தால் திறந்தபடி, படுக்கப் போகும்போதுதான் சாத்துவது. பொழுதுபட்டு விளக்கு வைக்கிற நேரம் கதவு திறந்திருக்காவிட்டால் லட்சுமி வரமாட்டா என்று சட்டம். பகலில் ஒரு வீடு சாத்தியிருந்தால் மூன்றில் ஒன்று: ஆட்கள் ஊரில் இல்லை, கோபம், அல்லது தலைக்கனம்.

இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். எந்நேரமும் வாசல் திறந்திருந்த வள்ளல்களைப் பற்றி வகுப்பில் மணிக்கணக்காகப் படிப்பிக்கிறவன். அந்த நான்தான் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவை வாங்கி லொறியில் ஏற்றினேன்.

மனேசர்

கதவை வாசலில் பொருத்திப் பூட்டிவிட்டு நானாவின் ஆட்கள் போன பிறகு புவனா வெளியே ஒரு சுற்று, உள்ளே ஒரு சுற்று வந்தாள். இரண்டு பக்கமும் கைபிடிக்கு மேல் 'தள்ளவும்' என்று ஒட்டியிருந்தது. கம்பனிக்காரரின் விருப்பம்.

"வீட்டுக்கு வாற சனத்தைத் தள்ளச் சொல்லி எழுதியோ வைக்கிறது?"

"உரிச்சுப்போடலாம்."

உரிக்க வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. அதுவும் நல்ல சாமான்.

ஊர்ச்சனம் செருப்பை வேலிப் படலையடியிலேயே கழற்றத் தொடங்கியது. உள்ளே வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். பூவரசங்குளத்திலிருந்து வந்திருந்த ஒரு தூரத்து உறவுக்காரக் கிழவர் கதிரை நுனியில் ஒட்டி இருந்துகொண்டு, "மனேசர் இல்லையோ?" என்று பகிடியாகவோ உண்மையாகவோ கேட்டார். நான் புவனா சமைத்துக்கொண்டு நின்ற குசினிப் பக்கம் கையைக் காட்டினேன்.

எங்கள் சேவல் மட்டும் கதவை மதிக்கவில்லை. தன்னைப்போல் இன்னொன்று உள்ளே நிற்கிறது என்று நினைத்து, காலையிலிருந்து மாலைவரை கண்ணாடியோடு சண்டை பிடித்தது. மற்றது ஓடாததில் அதற்குச் சரியான மனவருத்தம்.

பொழுதுபட்டால் கண்ணாடியின் குணம் மாறிவிடும். உள்ளே லைட்டைப் போட்டதும் நாங்கள் வெளியாட்களுக்குத் துலக்கமாகத் தெரிவோம். வெளியே நிற்பவர் எங்களுக்குத் தெரியார். இதைக் கண்டுபிடித்த அன்றிலிருந்து புவனா முதலில் கதவுச் சீலையை இழுத்துவிட்டுத்தான் லைட்டைப் போடுவாள். எனக்குப் பகல்தான் பிடித்திருந்தது. பின்னேரங்களில் கண்ணாடிக்குப் பின்னால் கதிரையைப் போட்டுவிட்டு, வாறவர்கள் சீப்பால் தலை இழுப்பதையும் மூக்கைத் துடைப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஊரில் எல்லோருக்கும் இரண்டு முகம். முதல் முகம் எனக்கு மட்டும்.

இந்தச் சந்தோசம் மலர் அக்கா வரும்வரைக்கும்தான்.

பட்டப்பகலில்

மலர் அக்கா புவனாவின் ஒரே தமக்கை. விசுவமடுவில் இருக்கிறா. ஒரு குடும்ப விசேசத்தில் அக்கா காய்ச்சிய பாயாசத்தை "தண்ணி" என்று புவனா பந்தியில் வைத்துச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து கதை பேச்சு இல்லை. நாட்டில் பெரிய பெரிய சண்டைகள் முடிந்துவிட்டன. பாயாசச் சண்டை முடியவில்லை.

இப்போது அக்காவின் மகளுக்குக் கலியாணம். புவனா இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. போகாவிட்டால் இவள் நெஞ்சு வெடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அக்கா வந்து சொல்லாமல் போகமுடியாது. கூடப்பிறந்தவளுக்குக் கலியாணம் சொல்வதென்றால் நேரில் வந்து, வீட்டுக்குள் ஏறி, இருந்து, குங்குமம் வைத்துச் சொல்லவேண்டும். போனில் சொன்னால் செல்லாது. வாசலில் வைத்துச் சொன்னாலும் செல்லாது.

"அவா வந்து சொல்லட்டும், போறன். சொல்லாட்டில், தாலி கட்டுற நேரம் இஞ்சை இருந்து பாத்திரம் கழுவுவன்" என்றாள் புவனா. அந்தக் கிழமை முழுக்கப் பாத்திரங்கள் எழுப்பிய சத்தத்தில் எனக்கு நிலைமை விளங்கியது.

அக்கா வந்தா. ஒரு மத்தியானம், பஸ் பிடித்து, தனியே வந்தா. நான் பள்ளிக்கூடத்தில். புவனா பின்னால் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அக்கா கண்டது சாத்திய கதவையும் தன் முகத்தையும்தான். கூப்பிட்டா. ரப்பர் தன் வேலையைச் செய்தது.

முன்வீட்டு யோகராசா பின்னேரம் வந்து விபரம் சொன்னான்.

"உங்கடை அக்கா வந்து கனநேரம் நிண்டவா. 'பட்டப்பகலிலை கதவைச் சாத்திப்போட்டு இருக்கினம், நான் வாறன் எண்டு தெரிஞ்சுதான்' எண்டு சொல்லிப்போட்டு அடுத்த பஸ்ஸிலை போட்டா."

"நீ சொல்லியிருக்கலாமே, நான் உள்ளுக்கு நிண்டனான் எண்டு!" புவனாவின் குரல் உடைந்துவிட்டது.

"எனக்கெப்பிடித் தெரியும்? உந்தக் கதவு வந்த நாளிலை இருந்து நீங்கள் இருக்கிறியளோ இல்லையோ எண்டு ஊருக்கே தெரியாது."

புவனா என் பக்கம் திரும்பினாள். "கதவைக் கழட்டுங்கோ."

"ஒரு கிழமை தா. அதுவரைக்கும் முண்டு குடுப்பம்" என்றேன். விதைநெல் மூட்டையைக் கொண்டுவந்து கதவுக்கு அணை வைத்தேன். கதவு திறந்தபடி நின்றது. சேவல் எதிரியைத் தேடி உள்ளே வந்து, அவனைக் காணாமல் மூட்டையைக் கொத்தியது.

யோகராசா செய்த பிழைக்குப் பரிகாரமும் அவனே செய்தான். விசுவமடுச் சந்தைக்குப் போனவன் அக்காவைக் கண்டு, அந்தக் கதவு தானாகச் சாத்துகிற சாதனம், புவனா வேண்டுமென்று சாத்தவில்லை என்று சத்தியம் செய்திருக்கிறான். அக்கா நம்பவில்லை.

"தானாய்ச் சாத்துமோ? அவளின்ரை வாய்தான் தானாய்த் திறக்கும். கதவு தானாய்ச் சாத்தினதை நான் எங்கையும் காணேல்லை."

"வந்து பாருங்கோவன்."

"பாக்கத்தான் போறன்" என்றாவாம்.

லைட்

அன்றைக்கு எங்களுக்குக் காலபோக விதைப்பு. முண்டு கொடுத்திருந்த மூட்டை வயலுக்குப் போய்விட்டது. வேறொன்று வைக்க நேரமில்லை. பொழுதுசாயத் திரும்பி வந்து, குளித்துவிட்டு, ஹோலுக்குள் வந்தோம். உள்ளே இருட்டத் தொடங்கிவிட்டது. வெளியே இன்னும் மங்கல் வெளிச்சம். புவனா சீலையை இழுக்கக் கதவடிக்குப் போனவள் அப்படியே நின்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மலர் அக்கா.

கையில் ஒரு பை. கமக்கட்டுக்குள் குங்குமச் சிமிழ். தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சேலைத் தலைப்பைச் சரிசெய்தா, காதோரத்து நரையை ஒதுக்கினா. பிறகு வாய் அசையத் தொடங்கியது. யாரோடு கதைக்கிறா என்று பார்த்தால், ஒருவரும் இல்லை. ஒருமுறை சொன்னா, திருப்தி இல்லை, தலையை ஆட்டிவிட்டு மீண்டும் முதலிலிருந்து சொன்னா. பாடமாக்குகிறா.

"என்ரை பேரைச் சொல்லுறா" என்றாள் புவனா மெதுவாக. அவள் மூக்கு கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தது.

"திறவன்."

"அவா கூப்பிடட்டும்."

"கூப்பிட்டாலும் கேக்காதெல்லோ!"

"அப்ப தட்டட்டும்."

அக்கா தட்டவில்லை. கையைத் தூக்கினா, இறக்கினா. தங்கச்சி சாத்திய கதவைத் தட்டுவதா என்ற யோசனை அவாவின் முழங்கையில் தெரிந்தது. திரும்பிப் படலையைப் பார்த்தா. பஸ் நேரத்தை நினைக்கிறா என்று எனக்குப் பட்டது. ஒரு முழத் தூரத்தில் இரண்டு சகோதரிகள். இடையில் நான் ஆசைப்பட்டு வாங்கின சாமான். இன்னும் ஒரு நிமிசம் பார்த்துக்கொண்டு நின்றால் கலியாணம் போய்விடும்.

போய் லைட்டைப் போட்டேன்.

அக்காவின் முகம் இருந்த இடத்தில் திடீரென்று புவனாவின் முகம் அக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் மூக்கு நசிந்தபடி. "ஐயோ!" என்ற சத்தம் ரப்பரையும் தாண்டி வந்தது.

அடுத்த கணம் இருவரும் கதவைப் பிடித்தார்கள். புவனா திறக்கிற வேகத்தில் வெளியே தள்ளினாள். அக்கா எழுதியிருந்தபடி உள்ளே தள்ளினா. இரண்டு பக்கமும் திறக்கிற கதவு ஒரு பக்கமும் திறக்கவில்லை.

"விடடி கதவை!" கதவோரத்து இடுக்கால் அக்காவின் குரல் வந்தது.

"நீ விடக்கா! நான் திறக்கிறனெல்லோ!"

"திறக்கிறியோ? உள்ளுக்கு விடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்! கண்ணாடிக்குள்ளாலை புதினம் பாத்துக்கொண்டு நிண்டனி!"

"நீ மட்டும் என்ன, தட்டினால் கை தேஞ்சிடுமோ?"

"தள்ளு எண்டெல்லோ எழுதிக் கிடக்கு!"

"எனக்கும் அதுதான் எழுதிக் கிடக்கு!"

வருடக்கணக்காகப் பேசாத இருவர் பேசிய முதல் பேச்சு இது. நான் கிட்டப் போய், "ஒராள் கையை எடுங்கோ" என்றேன்.

"நீங்கள் சும்மா இருங்கோ!" என்றார்கள் இருவரும். அவ்வளவு காலத்துக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன முதல் விசயம்.

அந்த நேரம் அக்காவின் கமக்கட்டிலிருந்து குங்குமச் சிமிழ் வழுக்கியது. அதைப் பிடிக்க அவா கதவை விட்டா. கதவு வெளிப்பக்கம் பறந்தது, அதோடு புவனாவும். போய் அக்காவின் மேல் விழுந்தாள். அக்கா ஒரு கையால் சிமிழையும் மறுகையால் தங்கச்சியையும் பிடித்தா.

அவர்களுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. நான் உள்ளே தனியாக நின்றேன். லைட் எரிந்ததால் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. அணைத்துவிட்டு ஓடி வந்து பார்த்தேன்.

அக்கா அடிக்கக் கை ஓங்குகிறா. அந்தக் கை இறங்கும்போது புவனாவின் கன்னத்தைத் தடவுகிறது. புவனா எதையோ சொல்லி மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைக்கிறாள். அக்கா கதவைக் காட்டி ஏதோ கேட்க, இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரிக்கிறார்கள். பிறகு அக்கா சிமிழைத் திறந்தா. வாசலில் வைத்துச் சொன்னால் செல்லாது என்ற சட்டம் இருவருக்கும் மறந்துபோய்விட்டது. புவனா குழந்தைப்பிள்ளை போல் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். அக்கா குங்குமம் வைத்தா. புவனா தலையாட்டினாள், ஒருமுறை இல்லை, ஆட்டிக்கொண்டே நின்றாள்.

கலியாணத்துக்குச் சொல்லியாச்சு.

எல்லாம் கண்டேன், ஒரு சொல் கேட்கவில்லை. எவ்வளவோ நல்ல கதை அங்கே வீணாகப் போய்க்கொண்டிருந்தது. கிழமைக்கு ஒன்று எழுதுகிறவனுக்கு இது பெரிய நட்டம். மெல்லக் கையை வைத்து, ஒரு விரற்கடை அளவுக்குக் கதவைத் தள்ளினேன்.

இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

"நாங்கள் கதைக்கிறம், கதவைச் சாத்துங்கோ!" என்றாள் புவனா.

கையை எடுத்தேன். மிச்சத்தைக் கதவு பார்த்துக்கொண்டது.